இரண்டரைப் பட்டை

கழிவுக் குழுவில் மூன்று பேர்.
மேஜர் ஒன்பதரைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு
எழும்பூர் கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்.
மீதி நானும் தணிகாசலமும்
கல்மண்டபம் ஸ்டோரின் கடைசி இரும்புப் பெட்டியும்.

மூடியில் வெள்ளைப் பெயின்ட்:
பதவிச் சின்னம், வழக்கொழிந்தது.
'ளி'யை அடித்து யாரோ 'ழி' ஆக்கியிருக்கிறார்கள்.

மேல்தட்டில் பித்தளை நங்கூரம், தொப்பிக்கு.
எழுபத்தெட்டில் நிறுத்தியது.
பிராஸோ செலவு கட்டவில்லை என்று கோப்பில் இருக்கிறது.
அடுத்து பிளாஸ்டிக் நங்கூரம்.
வெயிலில் வளைந்து தூண்டில்முள் ஆனவை;
காசிமேட்டுப் பையன்கள்
அதைத்தான் ஆசையாகக் குத்திக்கொண்டார்களாம்.
பேண்டு மாஸ்டருக்கு ஒரே ஒரு வெள்ளி முரசு.
"இது யாருக்குமே இஷ்யூ ஆகலியே மேடம்."
எப்படி ஆகும்.
துறைமுக மாணவர் படையில் பேண்டே இருந்ததில்லை.

அடியில், பைக்குள் ஒரு பைக்குள்
அவை.

கார்ப்பொரலுக்கு இரண்டு பட்டை, சார்ஜென்டுக்கு மூன்று.
எழுபத்தொன்றில் பெண்களைச் சேர்த்தபோது
மூன்றாவதை எங்களுக்குத் தரலாமா என்று
நான்கு மாதம் கோப்பு நடந்திருக்கிறது.
ஒரு பெண் குரல் கொடுத்தால்
பையன்கள் சாவ்தானில் நிற்பார்களா?
ஓரக்குறிப்பில் பச்சை மை: 'ஐயம்.'
பிறகு அதே மையில் ஒரு வழி: 'அரை.'

ஆங்கில 'வி'யின் ஒரு கால்.
துணைச் சார்ஜென்ட் என்பது காகிதத்தில்.
மைதானத்தில், "ஏய், ரெண்டரை!"

அரைக்கென்று தனியாக ஆர்டர் போகவில்லை.
மண்ணடி டெய்லர்
முழுப் பட்டையைக் கத்தரியால் நடுவில் வெட்டினார்.
ஒரு சார்ஜென்டில் இரண்டு பெண்கள்.

ஃபைசுன்னிசாவுக்கு இடப்பக்கம் சாயும் கால்,
எனக்கு வலப்பக்கம்.
இரண்டையும் வலது கையில்தான் தைக்க வேண்டும், விதி.
பூரிக்கிழங்கு வரிசையில்
எதிரெதிரே நின்றோம், முதுகோடு முதுகு நின்றோம்,
அவள் குனிந்து நான் நிமிர்ந்தும் பார்த்தோம்.
சேரவில்லை.
கிழங்கு தீர்ந்து
வெறும் பூரிதான் கிடைத்தது எங்களுக்கு.

பதினோரு நாள் அணிந்தேன்.
பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.
சுற்றறிக்கை வாசித்தார்கள்:
பெண்களைப் பிரித்துக் காட்டும் இப்பதவி
இன்றுமுதல் இல்லை.
கை தட்டினோம். நானும் தட்டினேன்.
அடுத்த பத்தி:
அணிந்திருப்போர் அனைவரும்
கார்ப்பொரலாகவே கருதப்படுவர்.
தட்டல் பாதியில் இருந்தது.
சட்டென்று நிறுத்தத் தெரியவில்லை யாருக்கும்.

மிலிட்டரி பிளேடால் நூலைப் பிரித்தேன்.
பதினோரு நாளில் காக்கி எங்கே வெளுக்கும்?
ஊசித் துளைகள் மட்டும்.
இரண்டு சலவையில் அவையும் மூடிக்கொண்டன.

பதிவேட்டில் இருநூற்றுப் பதினான்கு.
தணிகாசலம் எச்சில் தொட்டு எண்ணுகிறார்.
வெள்ளத்தில் ஊறிச் சாயம் இறங்கி
எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன.
பிரிக்கும்போது அப்பளம் மாதிரிச் சத்தம்.
இடப்பக்கம் நூற்றேழு.
வலப்பக்கம் நூற்றாறு.
"ஒண்ணு இடிக்குது மேடம்."

காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
சென்னையில் காணாமல் போன எதற்கும்
இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் இருக்கிறது.
'வெள்ளம்' என்று எழுதினேன்.
வீட்டு பீரோவில், எல்.ஐ.சி. பத்திரத்துக்குப் பின்னால்
அது நனையாமல் இருக்கிறது.

நூற்றேழில் ஃபைசுன்னிசாவுடையது எது
என்று கொஞ்ச நேரம் புரட்டினேன்.
எல்லாம் ரோஸ் நிறம்.

தணிகாசலம் விதிப்புத்தகத்தைத் திறந்து
விரல் வைத்துப் படிக்கிறார்.
"எரிக்கணும், இல்லாட்டி
யாரும் திரும்பப் போட்டுக்காத மாதிரி
நடுவுல வெட்டணும். எது மேடம்?"

வெட்டியாச்சு, என்றேன்.