எட்டு

காலாங் அரங்கில் எனக்குத் தந்த முக்காலி குட்டை.
கடைசிக் கயிறு புருவத்துக்கு நேராக ஓடியது.
அதற்குக் கீழே தெரிந்ததெல்லாம் காலணிகள்,
வேர்வை சொட்டிய கேன்வாஸ்,
ஏதோ விளம்பரத்தின் பாதி எழுத்து.
நிமிர்ந்தால்தான் கையுறைகள்.
நான் அதிகம் நிமிரவில்லை.
கைகளைப் பார்க்க ஆறாயிரம் பேர் வந்திருந்தார்கள்.

பட்டம் வைத்திருந்தவன் ருபேந்திரன்,
ஈசூன்காரன், இடக்கைக்காரன்.
எதிரே செபுவிலிருந்து நெஸ்டர் பலிங்கிட்.
இடக்கையும் வலக்கையும் மோதினால்
சண்டை முன்பாதங்களுக்கு நடுவில்தான்:
யார் கட்டைவிரல் வெளியே நிற்கிறதோ
அவன் குத்துக்கு வழி திறந்திருக்கும்.

ஆறு சுற்றுவரை ருபேந்திரனின் வலப்பாதம்
வெளியேதான் நின்றது, நாலு விரற்கடை.
ஜாப், ஜாப், பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைத்தான் ரசித்தேன்.
தோள் பொய் சொல்லும், இடுப்பு ஒத்து ஊதும்,
பின்குதிகால் மட்டும் வாயைத் திறக்காமல்
அரை அங்குலம் தூக்கியே நிற்கும்.
அது வெளிப்பக்கம் திரும்புவதை நான் பார்த்து முடிப்பதற்குள்
இடக்கை போய்ச் சேர்ந்திருக்கும்.
ஆறில் நாலு அவனுக்கு எழுதினேன்.

நெஸ்டர் அழகில்லாதவன்.
மூட்டை இறக்க வந்தவன்போல் பாதம் பதித்து வருவான்.
சின்ன எட்டு. ஆனால் நிற்காத எட்டு.
தலைக்கு ஓங்குவதுபோல் ஓங்கி
ஈரலுக்கு ஓர் இடது ஹூக்.
இடக்கைக்காரனுக்கு வலப்பக்கம் முன்னால்;
ஈரல் வாசலிலேயே குடியிருக்கும்.
ஏழாம் சுற்றில் மூன்று. எண்ணினேன்.

எட்டாம் சுற்று, இரண்டாம் நிமிடம், சிவப்பு மூலை.
ருபேந்திரனின் பின்கால் போனது.
குத்து எதுவும் வரவில்லை, கால்தான் போனது.
கயிற்றில் சாய்ந்தான்.
நெஸ்டர் நாலு விட்டான், இரண்டு பட்டது.
ஈரல் வாங்கிய கடனைக் கால் கட்டுகிறது
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நல்ல வாக்கியம்.
பத்து, ஒன்பது. நெஸ்டருக்கு.
மணி அடித்ததும் ரெஃப்ரி தாளை வாங்கிப் போனார்.
போன தாள் திரும்பி வராது.

தீர்ப்பில் ஒருவர் ருபேந்திரனுக்கு, ஒருவர் நெஸ்டருக்கு.
மூன்றாவது நான்:
நூற்றுப் பதினைந்து, நூற்றுப் பதின்மூன்று.
பட்டம் செபுவுக்குப் போனது.
கார் நிறுத்துமிடத்தில் ஒருவர்
என் கழுத்து அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார்.
"தமயந்தி. தமிழாளு."
அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது தோ பாயோ, பதினோராம் மாடி, விடிகாலை மூன்று.
சத்தத்தை அடைத்துவிட்டு ஒளிபரப்பை ஓட விடுகிறேன்.
எதிர்ப்பக்கத்துக் கேமரா.
எட்டாம் சுற்றுக்கு மணி அடிக்குமுன்
சிவப்பு மூலையில் ஒரு வாளி சாய்கிறது.
அவனுடைய ஆட்களே. துடைக்கிறார்கள், அவசரமாக.
ஒரு புரோட்டா அகலத்துக்கு ஈரம் மிச்சம் மினுங்குகிறது.

இரண்டாம் நிமிடத்தில் அங்கேதான் அவன் பின்கால்.
நிறுத்தி, இழுத்து, மறுபடி.
வழுக்கும்போதும் குதிகால் தூக்கியே இருக்கிறது.
களைத்த கால் அப்படி நிற்காது.
அதற்கும் முன்னால், ரெஃப்ரியின் முதுகுக்கு அப்பால்,
இரண்டு நேர் இடது. இரண்டும் தாடையில்.
முக்காலியிலிருந்து கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.
நான் பாதங்களில் இருந்தேன்.

நெஸ்டரின் இரண்டும் பட்டதுதான். அதுவும் பொய்யில்லை.
ஆனால் அந்தச் சுற்று இடம் மாறினால்
நூற்றுப் பதினான்கு, நூற்றுப் பதினான்கு.
சமம் என்றால் பட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சமையலறைத் தரையில் அரைக் குவளைத் தண்ணீர் ஊற்றி
இடக்கைக்காரியாக நிற்கிறேன்.
வலக்கால் முன்னே, இடக் குதிகால் தூக்கி,
மெல்ல ஓர் எட்டு.
வழுக்கவில்லை.
என்னை யாரும் குத்த வரவில்லையே.

ஒன்பது மணிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும்.
கடைசிக் கட்டத்தில் "குறிப்பு" என்று
இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
"தரை ஈரம்" என்பது ஒரு வரிகூட வராது.

கீழே முதல் பேருந்து கதவைத் திறந்து மூடுகிறது.
துடைப்பத்தை எடுக்கிறேன்,
மூலைவரைக்கும்.