சிம்பல் மைக்கில் இருப்பவள்

பார்ட்டன் தெருவில்
முன்பு கம்பளக் கிடங்காக இருந்த இடம்.
பனி உருகும் நாட்களில் சுவரிலிருந்து
இன்னும் ஈரக் கம்பளி வாசம் வரும்.
எங்கள் மூன்றாவது ஆல்பத்தை அங்கேதான் பதிந்தோம்,
ஹாமில்டனில், ஜனவரியில்,
ஹீட்டரை அணைத்துவிட்டு.
அது ஓடினால் அதுவும் பாடும்.

நான் டிரம்ஸ்.
இரண்டு ஸ்வெட்டர், விரல்நுனி வெட்டிய கையுறை.
டெல்ஃபின் எனக்கு எதிரே ஆறடி தள்ளி.
அவள் குரல் என் மைக்குகளுக்குள் வராதிருக்க
நடுவில் ஒரு பழைய மெத்தையை நிமிர்த்தி வைத்திருந்தான் வெஸ்.
மெத்தைக்கு மேலே அவள் நெற்றி மட்டும் தெரியும்.
எப்போது மூச்செடுக்கிறாள் என்பது
அந்த நெற்றியிலேயே தெரியும்.
என் அடி அதன்மேல்தான் விழுந்தது.
காதில் கிளிக் என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது,
பாவம், அது தன்பாட்டில்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய், வாக்கெடுப்பு.
பீட்சா ஆறிக்கொண்டிருந்தது.
பிந்தி வருகிறாள், வந்தால் சண்டை,
வரிகளைக் கடைசி நிமிடத்தில் மாற்றுகிறாள்
என்று ஓலே போனைப் பார்த்து வாசித்தான்.
டாவிஷ் கை தூக்கினான். ஓலே தூக்கினான்.
நானும் தூக்கினேன்.
கையில் குச்சி இருந்தது.
அதனால் என் கைதான்
எல்லோருடையதையும்விட உயரம்.

அவள் தன் கோட்டைத் தேடினாள்.
அது என் கோட்டுக்கு அடியில் கிடந்தது.

கிங்ஸ்டனிலிருந்து கீரன் வந்தான். நல்ல பையன்.
பத்துப் பாட்டையும் நான்கு நாளில் பாடினான்,
சுருதி பிசகவில்லை,
தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்தான்.
வெஸ் டெல்ஃபினின் டிராக்கை மூடினான்:
ஒரு பொத்தான், ஒரு சிவப்பு விளக்கு.

ஆனால் ஐந்தாவது பாட்டில்,
மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடியில்,
கீரன் வாய் திறப்பதற்கு முன்னால்
யாரோ மூச்செடுத்தார்கள்.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான் வெஸ்.
கிக்கில் இல்லை. ஸ்நேரில் இல்லை.
என் தலைக்கு மேல் தொங்கிய இரண்டு மைக்கில்,
சிம்பலின் அலைக்கு அடியில்
முழுப் பாட்டையும் அவள் பாடிக்கொண்டிருந்தாள்,
பக்கத்து வீட்டில் பாடுவதுபோல.

ஸ்டூடியோ பாஷையில் இதற்கு
இரத்தம் வடிதல் என்று பெயர்.
நான் எனக்குள் கசிவு என்று சொல்லிக்கொண்டேன்.
கூரைக்கும் அதைத்தான் சொல்வோம்,
நெஞ்சுக்கும் அதைத்தான்.

துடைத்தால் சிம்பலும் போய்விடும் என்றான் வெஸ்.
டிரம்ஸைத் திரும்ப வாசி, ஒரு நாள் போதும்.
வாசித்தேன். பதினோரு தடவை.
எல்லா அடியும் கிளிக்கின்மேல் ஒழுங்காகக் குந்தின.
கேட்டுவிட்டு டாவிஷ் சொன்னான்:
தையல் மெஷின்.
எதிரே மெத்தை நின்றது,
அதற்கு மேலே சுவர்.

பழையதையே வைத்தோம்.

ஏப்ரலில் ஆம்ப்பை எடுக்க வந்தாள், அண்ணனின் வேனில்.
நான் மட்டும் இருந்தேன்.
கேட்கலாமா என்றாள், சப்பாத்தைக் கழற்றாமல்.
ஐந்தாவதை ஓடவிட்டேன்.
மூன்று பன்னிரண்டில் அவள் தலை லேசாகத் திரும்பியது,
தெருவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.
மன்னிப்பு என்ற சொல்லை
நான் மூன்று மொழியிலும் தேடிக்கொண்டிருந்தேன்.
அவள் சொன்னாள்:
பையன் நன்றாகப் பாடுகிறான்.
பிறகு,
சிம்பலைக் கொஞ்சம் ஏற்றேன்.

ஏற்றினேன்.

(செப்டம்பரில் ஒரு விமர்சனம் வந்தது:
ஐந்தாவது பாட்டில் மட்டும்
சிம்பல் தேவைக்கு மேல் சத்தம்,
ஏனென்று விளங்கவில்லை.
உறையின் பின்பக்கத்தில் நான்கு பெயர்கள்.)

அன்று ஆம்ப்பை இருவருமாகத் தூக்கினோம்.
பிணக் கனம்.
ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணினாள்,
வழக்கம்போல மூன்றுக்கு முன்பே
தூக்கிவிட்டாள்.
நானும் சரியாக அப்போதே தூக்கியிருந்தேன்.