நாளொன்றுக்கு வருகை

கவுஞ்சிக்கு மேலே
தார் தீர்ந்துபோகும் இடத்தில்
ஜீப்பை நிறுத்தினார் சூசைராஜ்.
இனி நடைதான் சார், ரெண்டு கிலோமீட்டர்.
ரெண்டு என்பதை
நாலு போலச் சொன்னார்.

என் கையில் படிவம்.
அறியப்படாத ஆன்மிகத் தலங்கள்: சாத்தியக்கூறு ஆய்வு.
முப்பத்தொரு கேள்விகள்.
மாவட்டத்துக்கு நாற்பது கோயில் வேண்டுமாம்.
திண்டுக்கல் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே
வரைபடத்தை விரலால் தடவி
இங்கே ஏதாவது இருக்கும், பாருங்கள் என்றார்கள்.

இருந்தது.
ஒரு பாறை, அதில் சாய்ந்த தகரக் கூரை.
உள்ளே முகம் தேய்ந்த கல்.
கல்லின் தலையில்
கைக்குழந்தைக்குப் பின்னிய கம்பளிக் குல்லா.
குளிரும்ல, என்றாள்
பூட்டைத் திறந்த பொன்னழகி.

தலத்தின் பெயர்?
மழைநிறுத்தி நாச்சி.
எழுதப்போன கை நின்றது.
எங்கள் வேடசந்தூர்ப் பக்கம்
மழை வேண்டிக் கழுதைக்குக் கல்யாணம் செய்வார்கள்.
இங்கே பூண்டு காயும் மாதத்தில்
போதும் தாயே, நிறுத்து என்று கெஞ்ச
ஒரு தெய்வம்.

நாளொன்றுக்கு வருகை?
விரல் மடக்கினாள்.
நேத்து யாருமில்ல.
முந்தாநாள் ஒரு காட்டுமாடு,
வாசல்வரைக்கும் வந்து மூச்சு விட்டுட்டுப் போச்சு.
செவ்வாய்க்கிழமை ஒரு பையன்.
ப்ளஸ் டூ பரீட்சை நம்பரை
நாச்சி காதுல ரெண்டு தடவை சொன்னான்,
தப்பா கேட்டுரக் கூடாதுன்னு.

மூன்று என்று போட்டேன்.
காட்டுமாட்டையும் என்னையும் சேர்த்து.
பென்சிலில்.

வாகன நிறுத்தம் இல்லை. கழிப்பறை இல்லை.
செல்போன் சிக்னல்,
பாறைமேல் ஏறி வடக்கே திரும்பி நின்றால்
ஒரு கோடு.
தனிச்சிறப்பு என்ற கட்டத்துக்கு வந்தபோது
மஞ்சு இறங்கித் தாளை நனைத்தது.

அந்த வெள்ளைக்குள் ஒரு கணம் பார்த்துவிட்டேன்:
வளைவு வளைவாய் வேன்கள்,
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இறங்கும் கூட்டம்,
குல்லாக் கடைகள், நாச்சிக்கே ஒரு வெள்ளிக் குல்லா,
சிறப்பு தரிசனம் நூறு ரூபாய்,
மழை நிற்கும்வரை தங்க
மலைமுகப்பு அறைகள்.

பேனாவை எடுத்தேன்.
சாத்தியம் ஏதுமில்லை என்று எழுதி
இவளைக் காப்பாற்றிவிடலாம்.
அந்தப் பெருமிதம் எனக்குள் ஏறியது,
மலை ஏறியதைவிட வேகமாக.

என்ன எழுதப் போறீங்க?
சொன்னேன்.

பொன்னழகி பூட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.
போன ஐப்பசில எங்க நாத்தனாருக்கு வலி எடுத்துச்சு.
கம்பளில கட்டித் தூக்கிட்டுத்தான் போனோம்,
நீங்க ஜீப்பு நிறுத்தின இடம்வரைக்கும்.
ரோடு கேட்டு ஏழு மனு.
எங்களுக்கு வராத ரோடு
நாச்சியப் பாக்க வர்றவங்களுக்கு வரும்னா
வரட்டுமே.
கூட்டம் வந்தா குப்பை வரும். கூட்டிக்கிறேன்.
தொடப்பம் இருக்கு எங்கிட்ட.

குல்லாவைப் பார்த்தேன்.
அது கல்லுக்கு அளவெடுத்ததில்லை.
அவளும் அங்கே பார்த்தாள்,
பார்த்துவிட்டு
காதுவரை இழுத்துவிட்டாள் அதை.

தனிச்சிறப்பு கட்டத்தை நிரப்பினேன்.
என்ன எழுதினேனோ, எல்லாம் உண்மை,
ஒன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.
பிறகு திரும்பிப் போய்
அந்த மூன்றின் பக்கத்தில்
பேனாவால் இரண்டு சுழியம்.

இறங்கும் வழியில் சூசைராஜ்
கணுக்காலிலிருந்து ஒரு அட்டையைப் பிய்த்து எறிந்தார்.
மணி மட்டும் அடிச்சுட்டு வந்தேன் சார்,
நம்ம மாதாவுக்குக் கோபமிருக்காது.
அவரையும் எண்ணியிருக்க வேண்டும்.

தார் தொடங்கும் இடத்தில் தாளைப் பிரித்தேன்.
ஈரத்தில் மை ஊறி
இரண்டு சுழியமும் பெருத்துக்கொண்டிருந்தன,
ஒன்றையொன்று தொடும் அளவுக்கு.
பென்சில் மூன்று
போட்டபடியே இருந்தது.