சல்லடையில் நின்றவை

அயனாவரத்தில் எங்கள் சந்து முனையில்
தேசிங்கு மணல் சலிக்கிறான்.
விழுந்தது பூச்சுக்கு.
நின்றது எனக்கு.
"இதைப் பொறுக்கி என்ன சார் பண்ணுவீங்க?"
பகலெல்லாம் வங்கியில் அடகு நகை உரசுகிறவன்
என்ன பதில் சொல்ல.

பாலாற்று மணல் என்று ரசீதில் இருக்கிறதாம்.
ஆறு வந்தா மறுக்கப்போகிறது.

காய்ந்திருக்கையில் எல்லாம் ஒரே சாம்பல்.
குவளைத் தண்ணீரில் போட்ட பிறகுதான்
ஒவ்வொன்றும் வாய் திறக்கிறது.
ஒன்றில் இறைச்சிக் கொழுப்பாக ஒரு வெள்ளைக் கோடு.
ஒன்று ஈறின் நிறம்.
ஒன்று கறுப்பு; வெயிலில் திருப்பினால் மட்டும்
எண்ணெய் பட்டதுபோல் ஒரு பச்சை.
மின்னிய ஒன்றை நகத்தால் நெருடினேன்,
ஏடு ஏடாக உரிந்தது.
காக்காப்பொன்.
இதற்குக் கடன் கிடையாது.

அமிலக் குப்பியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.
கொண்டுவந்தேன்.
வெள்ளைக் கற்கள் இரண்டு, இரட்டைப் பிள்ளைகள்.
ஆளுக்கு ஒரு சொட்டு.
ஒன்று கோலி சோடாவாகப் பொங்கியது: சுக்கான்கல்.
மற்றது அசையவில்லை.
கண்ணாடியில் இழுத்தேன், கீறல் கண்ணாடிக்கு.
வெங்கச்சங்கல்.
நூல் கட்டித் தராசில் தொங்கவிட்டேன்:
காற்றில் ஐம்பத்து மூன்று கிராம்,
நீரில் முப்பத்து மூன்று.
வகுத்தால் இரண்டு புள்ளி ஆறு ஐந்து.
எந்த மலையில் பிறந்திருந்தாலும்
ஏறக்குறைய இதே எண்தான் அதற்கு.
வளையல்கள் இவ்வளவு நேர்மையில்லை.

புறா முட்டை அளவில் ஒரு சிவப்பு;
அரிய கல் என்று மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.
ஓட்டின் முதுகில் தேய்த்தால் செந்தூள்.
செங்கல்!
யார் வீட்டுச் சுவரோ,
ஆறு அதையும் கல்லாகவே நடத்தியிருக்கிறது.

மணல் பாக்கியமேரியுடையது.
மாடியில் ஒரு அறை எழுப்புகிறார்.
போன மாதம் அவர் வளையல் இரண்டை
நான்தான் உரசினேன்.
உள்விளிம்பு மழுங்கியிருந்தது,
இருபது வருடம் பாத்திரம் துலக்கிய பக்கம்.
எடையில் ஒன்றரை கிராம் காணவில்லை.
படிவத்தில் 'தேய்மானம்' என்று எழுதினேன்.
அவர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு
கையெழுத்துப் போட்டார்.
இந்தக் குவியல் அந்த வளையல்தான்
என்று தேசிங்குக்குத் தெரியாது.

இன்று காலை துடைப்பதற்காக
என் உரைகல்லைத் திருப்பினேன்.
மேற்பக்கம்தான் அறுத்தது.
அடி அறுபடாமல், உருண்டு, வழுவழுவென்று.
பதினொரு வருடம்.

"டோக்கன் பதினாறு" என்றார் காசாளர்,
இரண்டாம் முறை.
அதற்குள் கல்லைக்
குடிக்கிற தண்ணீரில் போட்டிருந்தேன்.