வந்த நோக்கம்: சும்மா

ராத்திரி ஷிப்ட் முடிந்தும்
சென்ட்ரிஃப்யூஜ் காதுக்குள்
சுற்றிக்கொண்டேயிருந்தது.
"இப்ப வீட்டுக்குப் போனா தூக்கம்தான் வரும்"
என்றாள் முபீனா,
அது ஏதோ தொற்றுவியாதி மாதிரி.

மேடவாக்கம் கூட்ரோட்டில் ஆளுக்கொரு டீ.
மெட்ரோ தூண்களை எண்ணிக்கொண்டே நடந்தோம்.
இருபத்துமூன்றில் எண்ணிக்கை தப்பியது,
அதற்குள் காடு வந்துவிட்டது.
வாட்ச்சர் ஜெபராஜ் நோட்டை நீட்டினார்.
பெயர், ஊர், வந்த நோக்கம்.
'சும்மா' என்று எழுதினாள் முபீனா.
அவர் கண்ணாடியைத் தூக்கிப் படித்துவிட்டு
பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.

காடென்றால் அண்ணாந்து பார்க்கிற காடில்லை.
நன்மங்கலத்தில் பாதி மரங்கள்
எங்கள் தோளுக்குத்தான் வரும்.
முள் அதிகம், நிழல் கம்மி.
காரைமுள் துப்பட்டாவைப் பிடித்தது,
எடுத்துவிட்டால் இன்னொரு முள்.
"இரு, ஏதோ சொல்ல வருது" என்று
அவளும் நின்றாள்.

ஐப்பசி கடைசி ஞாயிறு, நேற்று மழை.
வழியில் ஒரு சொட்டு ரத்தம்.
குனிந்தேன், தொழில் பழக்கம்.
சொட்டு எழுந்து நடந்தது.
பட்டுப்பூச்சி!
அது பாதையைக் கடக்கும்வரை
இரண்டு பேர் டிராஃபிக்கை நிறுத்தி வைத்தோம்,
டிராஃபிக்கே இல்லாத இடத்தில்.

சூரைப்பழத்தை வாயில் போட்டால்
ஒரு கண் மட்டும் தானாக மூடும்.
எந்தக் கண் என்பது ஆளுக்கு ஆள் மாறும்:
எனக்கு இடது, அவளுக்கு வலது.
புதருக்குள் கௌதாரி கத்துவது
குளிரில் கிடந்த ஸ்கூட்டரை உதைப்பது போல,
மூன்றாவது உதையில்தான் பிடிக்கிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு வந்த
ஐந்து வயசுப் பையனின் ஸ்லைடை
நான் மூன்று முறை பார்த்தேன்.
நாலாவது முறை அவள் பார்த்தாள்.
எண்ணிக்கை மாறவில்லை.
வழி நெடுக நாங்கள் அதைப் பேசவில்லை.

பழைய கல்குவாரியில் பச்சைத் தண்ணீர்.
எதிர்ச்சுவரில் கொம்பன் ஆந்தை உண்டென்று கேள்வி.
முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில்
ஆந்தை மாதிரி இருந்த பாறைகள் பதினொன்று.
பாறை மாதிரி இருந்த ஆந்தை
இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது.
மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று
சக்கரம் நீட்டியபடி
தண்ணீருக்குள் தலைகீழாகப் போனது.
தவளைகள் கண்டுகொள்ளவில்லை.

திரும்பும்போது பாறையடியில் அவள்தான் பார்த்தாள்:
கட்டைவிரல் பருமனில் சாம்பல் உருண்டை,
ஆந்தை தின்று செரிக்காமல் துப்பியது.
குச்சியால் பிரித்தோம்.
மயிர். ஊசி ஊசியாக எலும்பு.
ஒரு எலித் தாடை,
முன்பல்லில் இன்னும் ஆரஞ்சு நிறம்.

"பேஷன்ட் பேரு?"
"கொம்பன்."
"வயசு?"
"ஆதார் கொண்டுவரல."
"வெறும் வயித்துலயா வந்தாரு?"
"இல்லவே இல்ல மேடம், இல்லவே இல்ல."

சிரித்தோம்.
முபீனா சிரித்துக்கொண்டே
தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
அப்புறம் அது சிரிப்பாக இல்லை.
நான் குச்சியால்
எலும்புகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்,
பெரிதிலிருந்து சிறிதுக்கு.
அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு
ஒன்றை இடம் மாற்றி வைத்தாள்:
"இது தொடை. அது முழங்கைடீ."

தாடையை எடுத்த இடத்திலேயே வைத்தோம்.
வெளியேறிய நேரம் எட்டு நாற்பது.

பஸ்ஸில் ஏறின உடனே தூங்கிவிட்டாள்,
வாய் திறந்து, தலை என் தோளில்,
துப்பட்டாவில் ஒடிந்த காரைமுள்ளோடு.
கீழ்க்கட்டளையில் இறங்க வேண்டியவள்.
கீழ்க்கட்டளை வந்தது, போனது.
மடிப்பாக்கமும் போனது.
பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்.
எவ்வளவு தூரம் தூங்கினாலும்
காசு இல்லை.