பதினேழே தொள்ளாயிரம்

கொழுந்து மடுவத்தில்
தராசுக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை.
திரையில் எரியும் சிவப்பு எண்ணைச்
சத்தமாகச் சொல்லவேண்டும். பிறகு எழுதவேண்டும்.
எழுதுவது சுலபம்.

கழிவு போக
பதினெட்டு என்றால் ஒரு பேர்.
பதினேழே தொள்ளாயிரம் என்றால் அரைப்பேர்.
நடுவில் கிடப்பது நூறு கிராம்.
தங்கேஸ்வரி காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்த நேரம்,
அல்லது ஒருமுறை நிமிர்ந்து
மஸ்கெலியாப் பக்கம் மூடிவரும் மேகத்தைப் பார்த்த நேரம்.

மழைக்கு இரண்டு கிலோ கழிவு.
வெயிலுக்கும் இரண்டு.

முகத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரியும்
எண்ணுக்குப் பிறகு வரும் மூச்சு.
பதினெட்டே இருநூறு என்றால்
காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
மீன் லொறி வந்ததா, சாளை என்ன விலை என்பாள்.
பதினேழே அறுநூறு என்றால்
அதே ஆள், அதே மலை, அதே மழை,
அவளுக்கு முழங்கால் வலிக்கத் தொடங்கும்.
நடிப்பில்லை. உண்மையாகவே வலிக்கும்.

நான் சிரிக்கமாட்டேன்.
உயர்தரம் எழுதி முடிவு வந்த வருடம்
வெட்டுப்புள்ளிக்கு எனக்குக் குறைந்தது
புள்ளிக்குப் பின்னால் இரண்டு சைபர் தள்ளி ஒரு நாலு.
முந்தின நாள் மாலை வரை கெட்டிக்காரி.
விடிந்து, போனில் பார்த்து,
அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவளாகி
மூன்று மாதம் காம்பிராவுக்குள் கிடந்தேன்.
இரண்டு நாளுக்கும் நடுவில்
நான் எதையும் மறந்திருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தராசு செத்துப்போனது.
பற்றரி ஊதியிருந்தது.
வரிசை படிக்கட்டு வரை நிற்கிறது,
கொழுந்து சூடேறுகிறது,
லொறி கீழே ஹோர்ன் அடிக்கிறது.
பீல்ட் ஐயா யாருக்கோ போன் பண்ணிவிட்டுச் சொன்னார்:
"எல்லாருக்கும் பதினெட்டு போடு."

இத்தனை வருடம் கேட்டது அதைத்தானே,
ஒரு கூச்சலாவது எழும் என்று நினைத்தேன்.
யாரும் நகரவில்லை.

அந்தோனியம்மா, இருபத்தாறுக்குக் கீழே இறங்காதவள்,
படங்கை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.
"அப்ப எனக்கு இன்னைக்கு என்ன?"
"பதினெட்டு. ஒரு பேர்."
"பேர் இருக்கட்டும். நான் எவ்வளவு எடுத்தேன்?"

தங்கேஸ்வரி தன் சாக்கை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்,
மறு கையால் தூக்கிப் பார்த்தாள்.
"இருபது இருக்கும்" என்றாள்,
இல்லை என்று யாராவது சொல்லவேண்டும் என்பதுபோல.

புஸ்பகாந்தி என் மேசையில் சாய்ந்து
மெதுவாகச் சொன்னாள்:
"களைப்பா இருக்கா இல்லையான்னே தெரியலடி."

அன்று லயத்துக்கு ஏறியவர்கள்
வழியெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்
கோவில் திருவிழாவில் செருப்பு மாறிப்போனவர்கள் மாதிரி.

மறுநாள் புதுப் பற்றரி.
தட்டில் ஒன்றுமில்லாமல் மூன்று சைபர் எரிந்தபோது
வரிசைக்கே உயிர் வந்தது.
அந்தோனியம்மாவுக்கு இருபத்திமூன்று.
"குறைஞ்சிருச்சே" என்றாள்,
அவ்வளவு சந்தோஷமாக.

பிறகு தங்கேஸ்வரி.
எண் ஏறி, இறங்கி, நடுங்கி,
பதினேழே தொள்ளாயிரத்தில் நின்றது.
பீல்ட் ஐயா தேத்தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.
தகரத்தில் மழை.
என் வாய் திறந்தது,
"பதினெட்டு" என்றது.

எழுதினேன்.
இம்முறை சொல்வதுதான் சுலபமாக இருந்தது.

அவள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.
"மீன் லொறி வந்துச்சா? சாளை என்ன விலை?"
"தொள்ளாயிரமாம்" என்றேன்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு
படி இறங்கினாள்.