பொருள்:

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மறைப்பில் என் மேசை.
திங்கட்கிழமை மனு நாள்.
அனுப்புநர், பெறுநர் எழுத எனக்குக் கண் வேண்டாம்.
பொருள் என்று எழுதி
பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்த பிறகுதான்
பேனா நிற்கும்.

உச்சிமாகாளி வந்தாள், குருக்கள்புதூர்.
மடியில் பீடித்தட்டு வைத்து வைத்து
முதுகு முன்னால் வளைந்தவள்.

"இது மூணாவது மனு அண்ணாச்சி.
மொதல்ல மூட்டம்னு போட்டிய.
மழ வரும்மா, நல்லதுதானன்னு அனுப்பிட்டாவ.
பெறகு புகைன்னு போட்டிய.
ஜீப்புல வந்து பாத்த ஆபீசர்
மார்கழில குளத்துக்கரைல பனி இல்லாம
பருத்தியா வெடிக்கும்னு கேட்டுட்டுப் போயிட்டாவ.
பனிக்கு ரப்பர் எரிஞ்ச நாத்தம் உண்டுமா?
காயப்போட்ட சேல, பனில கருக்குமா?"

கரையின் இந்தப்பக்கம் குளம்.
அந்தப்பக்கம் குப்பைமேடு.
ராத்திரி இரண்டும் மூச்சு விடுகின்றன.
விடியும்போது
எது எதன் மூச்சு என்று பிரிக்க முடியாது.

மூட்டம் நல்ல சொல்தான்.
வானத்துக்கும் சொல்வோம்,
உடைமரத்தை அடுக்கி மண் பூசிக் கரி சுடுகிறவனும் சொல்வான்.
மூடுவதும் அதில் உண்டு, மூட்டுவதும் உண்டு.
அதனால்தான் ஆபீஸில் நழுவிவிடுகிறது.

இங்கிலீஷ்காரன் ஸ்மாக் என்கிறான்.
நிலக்கரியில் குளிர்காய்ந்த லண்டனில்
ஒரு டாக்டர் கூட்டத்தில் எழுந்து சொன்னாராம்.
ஸ்மோக்கின் தலை, ஃபாகின் வால்,
நடுவில் இருந்ததைக் குப்பையில் போட்டாயிற்று.
நம் அகராதியில் புகைப்பனி.
இரண்டு சொல்லும் சம்பந்திகள் மாதிரி
கைகோத்து நிற்கின்றன,
ஒன்றை ஒன்று தின்னவில்லை.

வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம்
நானும் வெட்டிப் பார்த்தேன்.
புகையின் தலை, பனியின் வால்:
புனி.
யார் வீட்டுப் பிள்ளையையோ
செல்லமாகக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.
மாற்றிப் போட்டேன்.
பனியின் தலை, புகையின் வால்:

பகை.

மூடியை எடுத்துப் பேனாவை மூடினேன்.
இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு
வேறு ஆபீஸ், வேறு கேட், வேறு ரிஜிஸ்தர்.
முன்பகை காரணமாக என்று
பேப்பரில் வராத வாரம் குறைவு.

"என்ன அண்ணாச்சி?"
"ஒண்ணுமில்லம்மா."
குப்பைமேட்டுப் புகைமூட்டம் தொடர்பாக
என்று எழுதி, கைநாட்டு வேண்டாம் என்று
அவளே போட்ட கையெழுத்து காயும்வரை ஊதி,
அனுப்பினேன்.

தை பிறந்து வந்தாள்.
போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டார்களாம்.

நகலை வாங்கிப் பார்த்தேன்.
பு-வுக்குக் கீழே இறங்க வேண்டிய கோடு
இறங்கவில்லை.
குப்பைமேட்டுப் பகைமூட்டம்.
கம்ப்யூட்டரில் ஏற்றிய பெண்
கண்ணில் பட்டதை ஏற்றியிருக்கிறாள்,
அது போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது.
மை தீர்ந்ததோ, கை தீர்த்ததோ.
சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன்.

"எதிரி பேரு என்னன்னு ஏட்டய்யா கேட்டாவ.
பேரு தெரியாதுய்யா,
வெடியக்காலம் நாலு மணிக்கு வாரான்,
கதவத் தட்ட மாட்டான்,
அடச்ச கதவுக்கு உள்ளதான் நிப்பான்,
சின்னவ நெஞ்சுல ஏறி உக்காருதான்னேன்.
எழுதிக்கிட்டே வந்தாவ.
முன்விரோதம் உண்டான்னாவ.
எங்களுக்கு ஒண்ணுமில்லய்யா,
அவனுக்கு என்னவோ தெரியலன்னேன்."

இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து
எட்டாக மடித்த ரசீதை எடுத்து நீட்டினாள்.
மூன்று மனுவில்
முதன்முதலாக ஒரு நம்பர்.

திருத்தி வேற எழுதித் தரட்டுமா என்றேன்.
கோட்டைத்தான் சொன்னேன்.

"நம்பர் இருக்குல்லா,
கெடக்கட்டும்" என்றாள்.